மீனவரின் விசனத்துக்குள் இருக்கும் கணக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலையில் திருக்கடலூருக்கு அண்மையில் பிறந்து, கடந்த 35 ஆண்டுகளாகக் கனடாவின் ஸ்காபரோவில் குடியிருந்து, இவ்வாண்டு மாசி மாதம் முதல் உப்புவெளியில் என் அக்காவின் வீட்டில் தங்கியிருக்கும் வாசகன் நான். காலையில் தேநீருடன் தங்கள் பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்கள் வரை வாசிப்பது இங்கே எனக்கு நாளாந்தக் கடமையாகிவிட்டது. அவ்வாறு வாசிக்கும்போது, மீன் கூட்டத்தை நடுக்கடலில் சுற்றி வளைக்கும் சுருக்குவலையைப் பற்றியும், வெடி போட்டு மீன் பிடிப்பதைப் பற்றியும், கரைவலைக்கு மீன் வராமற் போவதைப் பற்றியும் உட்பக்கங்களில் வந்த செய்திகளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவற்றுட் பெரும்பாலானவற்றின் தலைப்பு ஒரே சொல்லில் முடிகிறது: விசனம். ‘மீனவர்கள் விசனம்’, ‘கரைவலைத் தொழிலாளர்கள் விசனம்’, ஒரு மாறுதலுக்காக எப்போதாவது ‘அங்கலாய்ப்பு’. அந்தச் சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது உண்டு. கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு வேலைகளைத் தவறாமற் செய்வார், ஒன்று கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பது, மற்றது ஊருக்குப் புத்தி சொல்வது என்று அக்காவின் மகன் என்னைப் பகிடி பண்ணுகிறான். மணி இன்னும் வாங்கவில்லை. புத்தி சொல்லும் எண்ணமும் எனக்கில்லை. கனடா கடலில் செய்த மிகப் பெரிய மடமையைப் பற்றித்தான் எழுத வருகிறேன். ஆனால் அதற்கு முன், அந்த நாட்டில் மீனோடு எனக்கு என்ன உறவு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை செய்தது வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில், பெரும்பாலும் இரவு வேளையில். கனடாவில் நம்மவருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். முதற் பத்து ஆண்டுகளில் எனக்கு இருக்கவில்லை. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் தீரும் வரை தூக்கந்தான் பொழுதுபோக்கு. பிறகு, என்னுடன் ஒரே இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர், கடற்கரையிற் பிறந்தவன் என்று அறிந்து, தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் என்னைச் சிம்கோ வாவிக்கு அழைத்துச் சென்றார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அந்த வாவி, தை முதல் பங்குனி நடுப்பகுதி வரை உறைந்து கிடக்கும். அதன் மேல் நடந்து போய், இயந்திரத் துளைப்பானால் பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளையிட்டு, ஒரு முழ நீளத் தூண்டிலை அதற்குள் இறக்கிவிட்டு, கவிழ்த்து வைத்த வாளியின் மீது அமர்ந்திருக்க வேண்டும். தண்ணீரின் மேல் நடக்கச் சொல்கிறாரே என்று நான் கோணேசரை நினைத்துக்கொண்டேன். தெளிந்த பனிக்கட்டி 15 சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் ஆள் நடக்கலாம் என்று அவர் அளந்து காட்டிய பின்பும் என் கால் நம்ப மறுத்தது.

அந்த வாவியில் அகப்படுவது பெரும்பாலும் மஞ்சள் பேர்ச் என்னும் மீன். கைச்சாண் நீளம், பச்சை கலந்த மஞ்சள் நிறம், முதுகிலிருந்து கீழ்நோக்கிக் கருங்கோடுகள், வயிற்றடியில் செம்மஞ்சட் செட்டை. துளை வழியே மேலே வந்து குளிரில் இரண்டு முறை துடிக்கும். மூன்றாம் முறை துடிப்பதற்குள் விறைத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தால் நம்மூர் விளை மீனுக்குக் கிட்டத்தட்ட நிற்கும் என்பது என் கருத்து. மனைவி இதை ஏற்றுக்கொள்வதில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலில் பிளேன்ரியும், கடதாசியிற் சுற்றிய ரொட்டியும் கட்டைச்சம்பலுமாக, வார இறுதிகளில் அந்தத் துளையடியிற் கழிந்த மணித்தியாலங்கள்தாம் கனடாவில் நான் எனக்காக வாழ்ந்த நேரம்.

இரண்டாம் ஆண்டிலேயே அகப்பட்டுக்கொண்டேன். ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிப்பத்திரம் இரண்டு வகைப்படும். விலை கூடியதை வைத்திருப்பவர் அந்த வாவியில் ஒரு நாளுக்கு 50 பேர்ச் வரை வைத்திருக்கலாம், விலை குறைந்ததை வைத்திருப்பவர் 25 மட்டுமே. விலை குறைந்ததை வாங்கிய நான், பக்கத்துத் துளைக்காரர் 50 பிடிப்பதைப் பார்த்து நானும் பிடிக்கலாம் என்று எண்ணிவிட்டேன். பனி வண்டியில் வந்த அதிகாரி கையுறையைக் கழற்றி, என் வாளியைச் சரித்து, விறைத்துக் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பனியின் மேல் வரிசையாக அடுக்கினார். 31 இருந்தன. மேலதிகமான ஆறையும் எடுத்துக்கொண்டு, தண்டச் சீட்டையும் எழுதினார். வாவி நிறைய மீன் இருக்கிறதே ஐயா என்று தெரிந்த ஆங்கிலத்தில் வாதாடிப் பார்த்தேன். வாவிக்குள் எத்தனை இருக்கிறது என்பது உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உம்முடைய வாளிக்குள் இருப்பது மட்டும் இருவருக்கும் தெரியும் என்று அவர் சிரிக்காமற் சொன்னார். இரண்டு நாட் சம்பளம் போன கோபத்தில் அன்று அது எனக்குத் திமிர்ப் பேச்சாகப்பட்டது. இப்போது 65 வயதைக் கடந்துவிட்டதால், அங்குள்ள சட்டப்படி அனுமதிப்பத்திரம் வாங்காமலே 50 பிடிக்கலாம். ஆனால் முழங்கால் 20 வரைதான் ஒத்துழைக்கிறது.

இதை வாசித்துவிட்டு, கனடாவில் எல்லாம் ஒழுங்கு, இங்கேதான் ஒழுங்கில்லை என்று எவரும் பெருமூச்சு விடத் தேவையில்லை. வாளிக்குள் இருந்த 31 மீனை எண்ணத் தெரிந்த அதே நாடு, கடலிலிருந்து இலட்சக்கணக்கான தொன் மீன் போய்க்கொண்டிருந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கனடாவின் கிழக்குக் கோடியில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நியூபவுண்ட்லாந்தில் நடந்த கதை அது.

அந்தத் தீவின் பெயரை நம்மவர்களுள் மூத்தவர்கள் அறிவார்கள். 1986 ஆவணி 11 ஆம் திகதி, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டு மூன்று நாள்களாக அலைந்துகொண்டிருந்த 155 தமிழ் அகதிகளை, பனிமூட்டத்துக்குள் கண்டு காப்பாற்றியவர்கள் அந்தத் தீவின் மீனவர்கள். சென் மேரிஸ் குடாவில் அவர்களை முதலிற் கண்ட படகின் தலைவர் கஸ் டோல்ற்றன் என்பவரின் பெயர் ரொறன்ரோத் தமிழர் வீடுகளில் இன்றும் நன்றியோடு சொல்லப்படுகிறது. அந்த நன்றிக்காகவே ஒரு கோடையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் குடாவுக்குப் போனேன். அங்கே இறங்குதுறைகள் இருந்தன, பலகைக் கொட்டில்கள் இருந்தன. மீன் காயப்போட்ட பரண்களுள் பல வெறுமையாக நின்றன. நம் மக்களைக் காப்பாற்றிய அந்த மீனவச் சமூகம், அதற்கு ஆறே ஆண்டுகளில் தன் முதன்மைத் தொழிலை இழந்தது என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன்.

அவர்களின் மீன் கொட். நெத்தலியும் சூடையும் அறுக்குளாவும் சூரையும் சேர்ந்து நமக்கு எதுவோ, அது அவர்களுக்கு அந்த ஒரு மீன். 1497 இல் ஜோன் கபொற் அக்கடலுக்கு வந்தபோது கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவியது. அதன்பின் நாலரை நூற்றாண்டுகளாகத் தூண்டிலாலும் சிறு வலையாலும் பிடித்தும் அம்மீன் அழிந்துவிடவில்லை. 1950களில் ஐரோப்பாவிலிருந்து பெரிய தொழிற்சாலைக் கப்பல்கள் வந்தன; இழுவை மடியால் அடித்தளத்தோடு வாரி, கப்பலிலேயே வெட்டி, உறையவைத்து, இரவு பகலாக எடுத்தன. 1968 இல் மட்டும் வடபகுதிக் கொட் மீன் ஏறக்குறைய 8 இலட்சம் தொன் பிடிக்கப்பட்டது. அதன்பின் பிடி சரியத் தொடங்கியது. அந்நியன் வந்து நம் மீனை அள்ளுகிறான் என்ற குரல் எழுந்து, 1977 இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக விரித்து, வெளிநாட்டுக் கப்பல்களுட் பெரும்பாலானவற்றை வெளியேற்றியது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் போன கப்பல்களின் இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. வங்கிகள் கடன் கொடுத்தன, அரசாங்கம் ஊக்கம் கொடுத்தது, கரையோரங்களில் பதனிடும் ஆலைகள் எழுந்தன. மடியை இழுப்பது எவருடைய கொடியின் கீழ் என்று மீன் பார்ப்பதில்லை. நமது கடற்பரப்பிலும் இப்பிரச்சினை பேசப்படும்போதெல்லாம், மூன்றாவது வாக்கியத்துக்குள் அது எந்த ஊரவன், எந்த மொழிக்காரன், நீர்கொழும்பிலிருந்து வந்து வாடி போட்டவனா, கிண்ணியாவா, மூதூரா, புல்மோட்டையா என்ற பேச்சாக மாறிவிடுவதைக் காண்கிறேன். எல்லைக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த மறுநாளே மீன் திரும்பி வந்துவிடும் என்று நம்புவதைத்தான் கனடாவின் அனுபவம் மறுக்கிறது.

கடிதத்தின் மையத்துக்கு இப்போதுதான் வருகிறேன். கொட் மீன் குறைகிறது என்பதை முதலிற் கண்டவர்கள் விஞ்ஞானிகளோ அதிகாரிகளோ கப்பற் கம்பனிகளோ அல்லர். கரையோரத்துச் சிறு மீனவர்கள். அதற்குக் காரணம் அவர்களின் தொழில் முறையிலேயே இருந்தது. கோடையில், நம்மூர் நெத்தலியைப் போன்ற கப்பெலின் என்னும் சிறு மீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் தின்ன அதன் பின்னால் கொட் வரும். கரையோர மீனவர் ஒரே இடத்தில் பெட்டி போன்ற வலையைக் கட்டி வைத்துவிட்டு அதன் வரவுக்குக் காத்திருப்பார். மீன் பெருகினால் வலை நிறையும், குறைந்தால் வலை சொல்லும். இழுவைக் கப்பலோ காத்திருப்பதில்லை. ஒலிக்கருவியால் கடலுக்கடியில் துழாவி, எஞ்சிய மீன் எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கேயே போய் வாரும். கடலில் பாதி மீன் அழிந்த பிறகும், திரண்டு நிற்கும் மிச்சத்தின் மேல் மடி விழுவதால் அதன் பிடி குறையாது. எனவே கப்பலின் கணக்கேடு ‘மீன் ஏராளம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே 1980களின் நடுப்பகுதியில், கரையோர மீனவர் ‘மீன் குறைகிறது, வரும் மீனும் சிறுத்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீன்வளத்தை மதிப்பிட்டவர்கள் கப்பலின் கணக்குக்கே கூடுதல் எடை கொடுத்தார்கள். எண்கள் அங்கேதான் இருந்தன.

சென் மேரிஸ் குடாவின் இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். தன் தகப்பன் காலத்து மீனுக்குத் தன் முழங்கையை நீட்டிக் காட்டினார். 1980களின் மீனுக்கு மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள், ‘மீனவர்கள் கவலை தெரிவித்தனர்’ என்று எழுதிக்கொண்டார்கள் என்றார். நான் அப்போது நமது பத்திரிகைகளின் தலைப்புகளை நினைக்கவில்லை. உப்புவெளியில் உட்கார்ந்து கத்தரித்த துண்டுகளை அடுக்கியபோதுதான் அந்தக் ‘கவலை’ என் நினைவுக்கு வந்தது.

1992 ஆடி 2 ஆம் திகதி, கனடாவின் கடற்றொழில் அமைச்சர் ஜோன் குரொஸ்பி, வடபகுதிக் கொட் மீன்பிடிக்குத் தடை விதித்தார். அதற்கு முந்தைய நாள் பே புல்ஸ் என்னும் மீனவ ஊரில் தம்மைச் சூழ்ந்துகொண்ட மக்களிடம், கடலிலிருந்து மீனை எடுத்தவன் நான் அல்லன் என்று அவர் சீறியதை அந்தத் தீவில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரே அறிவிப்பில் ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அத்தடை 32 ஆண்டுகள் நீடித்தது. இளையவர்கள் அல்பேர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்கு, நம்மவர் கட்டாருக்கும் சவூதிக்கும் போவதைப் போலப் போனார்கள். அந்த மாகாணத்தின் மக்கள் தொகை ஏறக்குறைய 5,80,000 இலிருந்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் 5,10,000 அளவுக்கு இறங்கியது. 2024 ஆனி மாதத்தில் தடை நீக்கப்பட்டபோது அனுமதிக்கப்பட்ட பிடி அவ்வாண்டுக்கு 18,000 தொன். 1968 இன் 8 இலட்சத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் அவசர முடிவு என்று அங்கே பலர் கண்டித்தார்கள்.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். வைகாசி மாதத்துக் காலையொன்றில் சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். பார்க்கப் போனவன் கயிற்றைப் பிடித்துவிட்டேன் என்பதே உண்மை, உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது. வலை இழுப்போர் பாட, சிறு வயதில் நான் கேட்ட அம்பாப் பாட்டு இப்போது இல்லை. ஒருவர் ‘ஓ’ என்று குரல் கொடுக்க மற்றவர்கள் ஒரே அடியாய்ப் பின்வாங்குகிறார்கள். கடலுக்குள் அரை வட்டமாகக் கிடந்த வலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெல்ல மெல்லக் கரையேறி, கடைசியில் மடி வந்து மணலில் விழுந்தது. ஒரு பெட்டிக்குக் குறைவாகக் கீரி மீன், அதற்குள் விரல் நீளப் பாரைக் குஞ்சுகள் சில, ஒரு பேத்தை, மிகுதியாகப் பிளாஸ்ரிக் போத்தல்கள். பதினெட்டுப் பேர் இழுத்த வலை அது. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி எதுவும் பேசாமற் குனிந்து ஒரு கீரி மீனை எடுத்து, தன் நடுவிரலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார். பிறகு அவரிடம் விசாரித்தேன். தன் தகப்பனார் காலத்தில் இந்தப் பருவத்துக் கீரி எவ்வளவு இருந்தது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு அணையும், கச்சான் காற்றுப் பெயர்ந்தால் எத்தனை நாளில் நெத்தலி வரும், எந்த ஆண்டிலிருந்து அந்த ஒழுங்கு பிசகியது என்பதையெல்லாம், கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவதைப் போல அவர் ஒப்புவித்தார். ஒரு சொல்லும் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கரைவலை ஓர் இடத்திற் காத்திருக்கும் வலை; நியூபவுண்ட்லாந்தின் பெட்டி வலையைப் போன்றது. சுருக்குவலை மீனைத் தேடிப் போகும் வலை. ஆகவே, கரைவலைக்காரருக்கு மீன் இல்லை என்பதும் சுருக்குவலைக்காரருக்கு மீன் இருக்கிறது என்பதும் ஒரே நாளில் உண்மையாக இருக்கலாம். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு கூட்டங்களில் நடைபெறும் வாக்குவாதம் வீண். ஒருவர் சொல்வது இன்றைய பிடியை, மற்றவர் சொல்வது கடலின் நிலையை.

வெடியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அது குற்றம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் அதைத் தெளிவாகத் தடைசெய்கிறது. இயந்திர இழுவை மடியை 2017 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடைசெய்தது. சட்டம் எப்படியிருப்பினும் மீன் எங்கள் அடுக்களைக்கு வந்துவிடுகிறது. கடந்த மாதம் நான் சந்தையிலிருந்து வாங்கி வந்த பாரையை அக்கா கத்தி வைப்பதற்கு முன்பே விரலால் அழுத்திப் பார்த்து ஒதுக்கிவிட்டார். வெளியே செதில் பளபளத்தது. வயிற்றைக் கீறியபோது உள்ளே இரத்தம் உறைந்து, காற்றுப்பை கிழிந்து, நடுமுள் தசையிலிருந்து விட்டிருந்தது. ‘வெடி மீன் தம்பி, கறியில் கரைந்துவிடும்’ என்றார். வெடிக்கு இறக்கும் மீன்களில் ஒரு பகுதியே மிதக்கும். மிகுதி அடியில் அமிழ்ந்து வீணாகும், கூடவே முருகைக்கற்களும் நொறுங்கும். நிலாவெளிக்கு எதிரே, 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவைப் பார்க்க வெளிநாட்டவர் பணம் கட்டி வருவது அந்த முருகைக்கற்களுக்காகத்தான்.

அதே வேளை, வார இறுதியில் விளையாட்டுக்குத் தூண்டில் போடும் ஸ்காபரோக்காரனுக்குப் போட்ட விதியை, பிடித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவருக்கு அப்படியே நீட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளக்காரர் எத்தனை பேர் கரையில் குந்தினார்கள் என்பதை இவ்வூரார் எனக்குச் சொன்னார்கள். எண்ணெய்ச் செலவை ஒரே இரவில் மீட்டுவிடலாம் என்ற ஆசை காட்டும் எந்த வழியும் அத்தகைய நாள்களில் ஆள் சேர்த்துக்கொள்ளும். பிடிக்காதே என்று சொல்லும் கனடா, பிடிக்காத மீனவனுக்கு வாரந்தோறும் உதவிப் பணம் கொடுத்தது. அது போதாதென்று மீனவர்கள் போராடினார்கள் என்பதும் அதே வரலாறுதான். இங்கே அப்படி ஒரு பணம் வரப்போவதில்லை. ஆகவே மீன் போன பிறகு விழிப்பது நமக்குக் கட்டுபடியாகாது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் பத்திரிகை தங்கத்தின் விலையை அச்சிடுகிறது, மரக்கறி விலையை அச்சிடுகிறது, நாணய மாற்று வீதத்தை அச்சிடுகிறது; கனேடிய டொலரின் பெறுமதியை நானும் வெட்கமில்லாமல் தினமும் பார்க்கிறேன். அவற்றுக்குப் பக்கத்தில் வாரம் ஒரு முறை ஒரு சிறு கட்டம் போதும்: திருக்கடலூர், சல்லி, சாம்பல்தீவு, இறக்கக்கண்டி, மூதூர் முதலிய கரைகளில் அந்த வாரம் எத்தனை முறை வலை வளைக்கப்பட்டது, என்ன மீன் பட்டது, பட்டதில் பெரியது எத்தனை சென்ரிமீற்றர், சிறியது எத்தனை, கரையில் என்ன விலை போனது. கடற்றொழில் திணைக்கள அதிகாரிகள் பிடியின் நிறையைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நிறை ஒரு கதை, நீளம் மற்றொரு கதை. 500 கிலோ மீன் என்பது முழுவளர்ச்சி பெற்றதாகவும் இருக்கலாம், முட்டையிடாத குஞ்சுகளாகவும் இருக்கலாம். நீளத்தை அளக்க அடிமட்டம் ஒன்று போதும். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் விரும்பினால் இதைச் சரிபார்க்கலாம். ஆனால் அவர்கள் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

சம்மாட்டிமார் உண்மையைச் சொல்வார்களா என்று கேட்பீர்கள். நான் கேட்டபோது சல்லிச் சம்மாட்டியும் முதலில் தயங்கினார். வரி அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்பதைவிட, வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்ற பயமே அவருக்குக் கூடுதலாக இருந்தது. ஊரின் பெயர் போதும், ஆளின் பெயர் வேண்டாம் என்ற உடன்பாட்டுக்கு இருவரும் வந்தோம். இன்னொன்றையும் அவர் கேட்டார்: மீன் நன்றாகப் பட்ட நாளையும் எழுதுவீர்களா, அல்லது இல்லாத நாளை மட்டுமா? நியாயமான கேள்வி. எல்லா நாளையும் எழுதினால்தான் அது கணக்கு. இல்லாத நாளை மட்டும் எழுதினால் நமது தலைப்புக்காரர் மறுபடியும் அதற்கு விசனம் என்றே பெயரிடுவார், அதில் பிழையும் இராது.

தொடக்கத்தை நானே செய்திருக்கிறேன். நகரத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, அக்காவின் தையல் நாடாவை இரவலாக எடுத்துக்கொண்டு, சல்லியிலும் உப்புவெளியிலுமாகப் பதினொரு முறை வலை இழுத்ததைப் பதிந்திருக்கிறேன். முதற் பக்கத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். ஏழாம் வரியில் மீனின் பெயருக்கு எதிரே வெறுமையாக விட்டிருப்பது எழுத்துப் பிழை அன்று. அன்று மடியில் சொறிமுட்டையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அடுத்த மாதம் நான் ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது கொப்பியையும் நாடாவையும் அக்காவின் பேரன் பொறுப்பேற்கிறான். பத்தாம் வகுப்பு முடிந்து விடுமுறையில் இருக்கிறான். கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவு. தாங்கள் இடம் ஒதுக்கச் சம்மதித்தால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் விவரத்தை அனுப்பிவைப்பான்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
உப்புவெளியில் தங்கியிருக்கும் ஸ்காபரோ வாசகன்,
திருகோணமலை.